செத்தவீட்டுக்கு மட்டும் விலக்கு

முன்பின் தெரியாத ஒருவனுக்கு என் வங்கிக் கணக்கின் ஓ.ரீ.பி. என்ற ஒருதடவை இரகசிய இலக்கத்தைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியவன் நான். முதல் தடவை அவனுக்கு விளங்கவில்லை என்பதால், சொல்வதெழுதுதல் சொல்லும் வாத்தியாரைப்போல இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். வைப்பதற்கு முன், "சாப்பிட்டியளோ?" என்றும் கேட்டேன். மத்தியான நேரம், மனிதன் பசியோடு வேலை செய்கிறானே என்று ஒரு கரிசனை. "இல்லை அண்ணை, இனித்தான்," என்றான். என் புண்ணியத்தில் அன்று நன்றாகவே சாப்பிட்டிருப்பான்.

அப்போது நான் யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் வைத்தியசாலையில் நிர்வாக உத்தியோகத்தன். பெயர் வேண்டாம், அது இன்றும் நடக்கிறது, இன்றும் எனக்கு அங்கே மருந்துக்கு விலைக்கழிவு தருகிறார்கள். நாலு புத்தகம் வாசித்தவன், ஊர்ப் பத்திரிகையில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன் என்று எனக்கு அங்கே ஒரு மதிப்பு இருந்தது. ஓ.ரீ.பி. கதை பரவியதும் அந்த மதிப்பு அப்படியே சிரிப்பாக மாறியது. தாதிமார், காசாளர், வாசல் காவல்காரர் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவள் ஒருத்திதான். கணினிப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவள்.

என் மேசைக்கு வந்து நின்று கேட்டாள்: "அவன் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவனோ, சேர்?"

"ஓம் பிள்ளை. முழுப்பேர். அப்பாவின்ரை பேரும் சொன்னவன்."

"பேர் தெரிஞ்சா, தெரிஞ்ச ஆளோ?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

குருநகர்க் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை. முப்பத்தைந்துக்குள் வயது. கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு ஒரு அலுமாரிச் சாவியும் தொங்கும். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கணினியைப் பூட்டிவிட்டுத்தான் எழும்புவாள். அவளுடைய அறைக்குக் கண்ணாடிக் கதவு. வெளியே நிற்பவரின் மூக்குக்கண்ணாடி, பல்லிடுக்கில் நிற்கும் கீரை வரை உள்ளேயிருந்து தெரியும். அப்படியிருந்தும் யாராவது தட்டினால், நிமிர்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆர்?" என்று கேட்பாள். நாம் பெயரைச் சொல்லவேண்டும். பிறகுதான் கதவு திறக்கும். மூன்று வருடம் தினமும் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்த அம்மாவும் தினமும் பெயர் சொன்னார்.

ஊழியரைச் சோதிக்க அவளே பொய் மின்னஞ்சல் தயாரித்து அனுப்புவதுண்டு. ஒருமுறை, நல்லூர்த் திருவிழாவை முன்னிட்டு எல்லோருக்கும் இலவசப் பட்டுவேட்டி, இடுப்பளவைத் தெரிவிக்க இங்கே அழுத்தவும் என்று ஒன்று வந்தது. அடுத்த கூட்டத்தில் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள்: "முதல் அழுத்தினது பெரிய டொக்டர்."

பெரிய டொக்டர் என்பது வைத்தியசாலையின் சொந்தக்காரர். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப வேட்டி இல்லையோ?" என்றார்.

அவளுக்குச் சுவிசிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம், வீடியோவில் கதைத்தார்கள். இவள் மாப்பிள்ளையிடம், "போனைத் திருப்பி யன்னலுக்கு வெளியை ஒருக்காக் காட்டுங்கோ," என்றிருக்கிறாள். அவருக்கு ரோசம் வந்து சம்பந்தம் முறிந்தது. பெரிய மனிதத் தோரணையில் நான் புத்தி சொன்னேன்.

"பிள்ளை, கலியாணம் எண்டால் கொஞ்சம் நம்பிக்கை வேணும்."

"வேணும், சேர். அவரும் யன்னலைக் காட்டியிருக்கலாம்."

தேத்தண்ணி நேரத்தில் மற்றவர்கள் படம், சீட்டு, மாமியார் என்று கதைப்பார்கள். இவள் தன் தொழில் உலகத்துச் செய்திகளைச் சொல்லுவாள். எங்கோ ஒரு நாட்டில் வைத்தியசாலை முழுக்கப் பூட்டப்பட்டது. எங்கோ தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்துக்குள் யாரோ தொலைவிலிருந்து புகுந்தார்கள். "இப்பத்தைய கள்ளர் மதில் ஏறி விழுந்து சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடுறேல்லை, சேர். உள்ளுக்கு வந்து கிழமைக் கணக்கிலை சத்தமில்லாமல் இருப்பினம். சாவி எங்கை, பெட்டகம் எங்கை எண்டு பாத்து வைப்பினம். பேந்துதான் எல்லாத்தையும் ஒரே நேரத்திலை பூட்டுவினம். ஆசுபத்திரி, கரண்ட், தண்ணி, துறைமுகம். நிண்டுபோனால் சனம் சாகிற இடமாப் பாத்துத்தான் வருவினம். அப்பதானே நாங்கள் கெதியா வழிக்கு வருவம்."

கையிலிருந்த வடை வாய்க்குப் போகாமல் அப்படியே நிற்கும். அவளோடு தேத்தண்ணி குடிப்பது உடம்பு இளைக்க நல்ல வழி.

ஒருநாள் கோப்பாயில் ஒரு தாய்க்கு நடந்ததைச் சொன்னாள். லண்டனில் இருக்கும் மகனின் குரலில் அழைப்பு வந்தது. அழுகிறான், பொலிஸில் பிடிபட்டுவிட்டேன் என்கிறான். மகனோ அந்த நேரம் வேலைத்தலத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். குரலை இப்போது கணினியே செய்துவிடுகிறதாம்.

"என்ரை மகன்ரை குரலை எனக்குத் தெரியாதோ?" என்றேன். "ஆயிரம் பேருக்குள்ளை கண்டுபிடிப்பன்."

அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கடை அம்மாவும் அப்பிடித்தான் சொன்னவ."

அன்று அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. பிறகு, தேத்தண்ணி கொண்டுவரும் அந்த அம்மா சொன்னார். அவரும் குருநகர், அதே தேவாலயப் பங்கு. சண்டைக் காலத்தின் கடைசி வருடங்களில், ஊரடங்குக்குச் சற்று முந்தின பொழுதில், அவர்களுடைய வீட்டு வாசலில் ஒரு குரல் அண்ணனைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கூட்டாளியின் குரல். "அவன்தான்ரா, போய்த் திற," என்று தாய் சொன்னார். அண்ணன் இடுப்பில் கட்டியிருந்த சறத்தைச் சரிசெய்துகொண்டு போய்க் கேற்றைத் திறந்தார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவரை ஒருவரும் காணவில்லை. கூப்பிட்டது அந்தக் கூட்டாளியேதானா, அவனைப் பிடித்துவைத்துக் கூப்பிடச் சொன்னார்களா, அல்லது குரல் வேறு யாருடையதா என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. கூட்டாளியும் பிறகு இல்லை, கேட்பதற்கு. இவளுக்கு அப்போது பள்ளிக்கூட வயது.

அதற்குப் பிறகு அவளுடைய கண்ணாடிக் கதவில் தட்டி "நான்தான் பிள்ளை" என்று பெயரும் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மின்னஞ்சலில் வரும் எந்தக் கோப்பையும், அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு உறுதிசெய்யாமல் திறக்கக்கூடாது என்று அவள் ஒரு விதி கொண்டுவந்தாள். எல்லோரும் முணுமுணுத்துவிட்டுப் பழகினோம். பெரிய டொக்டரும் பழகினார். ஒன்றே ஒன்றில் மட்டும் அவரால் முடியவில்லை: மின்னஞ்சலில் படத்தோடு வரும் மரண அறிவித்தல்.

இதை வெளியூரார்க்கு விளக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலையில் கண் விழித்ததும் செய்கிற முதல் வேலை, இன்றைக்கு ஆர் என்று பார்ப்பது. மழை வருமா, டொலர் ஏறிற்றா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. செத்தவர் நமக்குச் சொந்தமா, சொந்தத்துக்குச் சொந்தமா, அவருடைய மருமகன் கனடாவில் எந்த நகரத்தில் இருக்கிறார், எல்லாம் அதில் இருக்கும். மரண அறிவித்தலைத் திறக்காமல் விடுவது, செத்தவீட்டு வாசலால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதற்குச் சமம். அதிலும் பெரிய டொக்டர், பழைய நோயாளர் ஒருவர் காலமானால் பிரேதம் வீட்டுக்கு வருமுன் தான் போய்ச் சேர்கிறவர். போகும்போது வைத்தியசாலையின் பெயரில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகையும் போகும். அதற்கு வாசகம் எழுதுவது என் வேலை.

கூட்டத்தில் அவர் வெடித்தார். "செத்தவீட்டுக்குப் போன் எடுத்து, ஐயா, உங்கடை வீட்டிலை உண்மையா ஆரும் செத்ததோ எண்டு கேக்கிறதோ, பிள்ளை?"

"கேக்கலாம், சேர். இல்லையெண்டு சொன்னால் சந்தோசம்தானே."

"மனிசத்தன்மை எண்டு ஒண்டு இருக்கு!"

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மாலையே விதி திருத்தப்பட்டது: மரண அறிவித்தல்களுக்கு மட்டும் விலக்கு. அந்த இரண்டு வரியை அவள் எந்த மறுப்பும் சொல்லாமல் தட்டச்சு செய்து அறிவித்தல் பலகையில் ஒட்டினாள். பிறகு பெரிய டொக்டரின் அறைக்குப் போய் இரண்டு சாமான் கேட்டாள். எல்லாத் தரவையும் பிரதி எடுத்துத் தன் அலுமாரியில் பூட்டிவைக்க ஒரு டிஸ்க். எந்த வயரிலும் தொடுக்காமல் தனியே வைத்திருக்க ஒரு புதுக் கணினி. டிஸ்க் கிடைத்தது. கணினிக்கு, "சும்மா கிடக்கிறதுக்கு ஒரு கொம்பியூட்டரோ?" என்று பதில் கிடைத்தது.

சில மாதங்கள் கழித்து அந்த மின்னஞ்சல் வந்தது. உடுவில் பக்கத்து ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் காலமானார். பெயர் நல்ல பெயர். நம் எல்லோருக்கும் தெரிந்த ஒருவருடையதுபோல இருந்தது. வரவேற்பு மேசைப் பிள்ளை கோப்பை அழுத்தினாள். படம் வரவில்லை. திரும்பவும் அழுத்தினாள். பிறகு, செத்தவரின் முகத்தைப் பார்க்காமல் விடுவதா என்று, "உங்கடை கொம்பியூட்டரிலை திறபடுதோ பாருங்கோ," என்று காசாளருக்கு அனுப்பினாள். அவர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். ஆய்வுகூடம் மருந்தகத்துக்கு அனுப்பியது. ஒருவருக்கும் படம் திறக்கவில்லை. ஆனால் எல்லோரும் திறந்துவிட்டார்கள். படத்துக்குக் காத்திருக்காமல் நான் வாசகத்தை எழுதிவிட்டேன். "பண்பின் சிகரம் சாய்ந்தது" என்று தொடங்கும். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்பது பின்னால் தெரிந்தது. எனக்குத் தெரிந்து, பிறக்காமலே சாய்ந்த ஒரே சிகரம் அவர்தான்.

பிறகு சில கிழமைகள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலை, வேலைக்கு வந்தபோது எல்லாத் திரைகளிலும் ஒரே செய்தி. உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுள்ளன, பயப்பட வேண்டாம், பேசித் தீர்க்கலாம் என்று நல்ல மரியாதையான ஆங்கிலம். எங்கள் வரவேற்பு மேசையில்கூட அவ்வளவு மரியாதை கிடையாது.

அதே காலையில்தான் உடுப்பிட்டியிலிருந்து ஒருவர் தன்னுடைய ஓட்டோவில் தாயைக் கொண்டுவந்தார். ஓட்டோ ஓடுகிறவர், முப்பது வயதிருக்கும். தாய்க்குக் கிருமி இரத்தத்தில் ஏறி நினைவு தப்பியிருந்தது. வழியில் வேறு ஆஸ்பத்திரி இருந்தும் எங்களிடம் வந்ததற்குக் காரணம் சொன்னார்: "அம்மாவின்ரை வருத்தம், மருந்தெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்."

தெரிந்துதான் இருந்தது. முன்பு ஒருமுறை எங்களிடம் ஏற்றிய ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் அந்த அம்மா சாவின் வாசல்வரை போய் வந்தவர். எந்த மருந்து என்பது கணினிக்குள். மகனுக்கு, "வெள்ளை மூடி போட்ட ஊசி" என்பதற்கு மேல் தெரியாது. அப்போது பார்த்த வைத்தியர் கனடாவில். அங்கே நித்திரை நேரம், போன் அடித்து அடித்து நின்றது. கடமையில் இருந்த இளம் வைத்தியர் பயமில்லாத ஒரு மருந்தை மட்டும் ஏற்றிவிட்டு, "ஒத்துவராதது எதெண்டு தெரிஞ்சால் மற்றதைப் போடலாம்," என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பெரிய டொக்டர் கண்ணாடி அறைக்கு ஓடினார். பின்னால் நானும், அந்த மகனும்.

"பிள்ளை, உன்ரை டிஸ்க்கைச் செருகு. எல்லாம் வருந்தானே?"

"வரும், சேர். வந்த உடனை அதுவும் போகும். அவை இன்னும் உள்ளுக்கை நிக்கினம்."

"ஆர் நிக்கினம்? நான் ஒருத்தரையும் காணேல்லை!"

"புதுக் கொம்பியூட்டர் ஒண்டு கடையிலையிருந்து எடுப்பியுங்கோ. ஒண்டிலும் தொடுக்காத ஒண்டு. அதிலை போட்டுப் பாத்து முதல் இவையின்ரை அம்மாவைத்தான் தேடுவன்."

கடை திறக்கவேண்டும். கணினி வரவேண்டும். எங்கள் மென்பொருளை அதில் ஏற்றவேண்டும். அதற்குக் கொழும்பு நிறுவனத்தின் உதவி வேண்டும். நான் கடைக்கு ஆள் அனுப்பினேன். அவள் அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றாள். கழுத்துச் சாவியைக் கையால் பொத்தியிருந்தாள்.

மகன் கண்ணாடிக் கதவில் தட்டினார். "அக்கா, உங்களைக் கும்பிட்டன். அம்மாவின்ரை பேரை மட்டும் பாத்துச் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

"ஒரு பேரைப் பாக்கிறதெண்டாலும் முழுக்கத் திறக்கோணும், தம்பி. டிஸ்க் போனால் இஞ்சை வாற ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை."

"அப்ப என்ரை அம்மா?"

அவர் திரும்பவும் தட்டினார். திரும்பவும். உள்ளங்கையால், பிறகு நெற்றியால். அவளை எனக்குத் தெரிந்த காலத்தில், தட்டியவரைப் பார்த்து "ஆர்?" என்று அவள் கேட்காதது அன்று ஒருநாள்தான். ஆர் என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை வாசலில் நின்றது உண்மையான ஆள்.

கணினி வந்தது. கொழும்பு நிறுவனத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவள் அந்த அழைப்பை வெட்டிவிட்டு, தன்னிடமிருந்த இலக்கத்துக்குத் தானே எடுத்து, அவர்தான் என்று உறுதிசெய்துகொண்டு வேலையைத் தொடங்கினாள். தட்டச்சில் ஒரு எழுத்தும் தவறவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தவறியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த அம்மாவின் பெயரும் ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரும் திரையில் வந்தபோது, இனியும் பொறுக்கமுடியாது என்று அம்புலன்ஸில் ஏற்றி அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். மருந்தின் பெயரைப் போனில் சொன்னோம். அதைத் தவிர்த்து மற்ற மருந்தை அங்கே போட்டார்கள். அந்தக் கிழமை முடியுமுன் அவர் இறந்துபோனார்.

நேரத்தோடு போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? கேட்ட இரண்டு வைத்தியர்களில் ஒருவர் பிழைத்திருக்கலாம் என்றார். மற்றவர் தலையை ஆட்டினார். அது ஓம் என்றும் இருக்கலாம், இல்லை என்றும் இருக்கலாம்.

கொழும்பிலிருந்து வந்த நிபுணர்கள் எல்லாவற்றையும் கிண்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்தவர்கள் அந்தக் காலையில் இன்னும் உள்ளேதான் இருந்தார்கள் என்றார்கள். டிஸ்க்கைச் செருகியிருந்தால் சில நிமிடத்தில் அதுவும் பூட்டப்பட்டிருக்கும். அந்த அம்மாவின் பெயரைத் தேடக்கூட நேரம் இருந்திருக்குமோ தெரியாது. அந்த டிஸ்க்கிலிருந்துதான் வைத்தியசாலை முழுவதும் திரும்ப எழுந்தது. புற்றுநோய்க்காரர், இருதயக்காரர், சிறுநீரகக்காரர் என்று எல்லோருடைய வருத்தமும் அப்படியே திரும்பி வந்தது. இதை எல்லாம் விளக்கிய கூட்டத்தில் ஒருவரும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவள் சொன்னதுதான் சரி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த மகன் நெற்றியால் இடித்த இடத்தில் கண்ணாடியில் ஒரு எண்ணெய்த் தடம் இருந்தது என்பதும் தெரிந்திருந்தது. துடைக்கிறவர்கூட அதைத் துடைக்கவில்லை.

அவளைப் போ என்று ஒருவரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மாத முடிவில் சாவியைக் கழற்றி என் மேசையில் வைத்தாள். "ஆரிட்டைக் குடுக்கிறியள் எண்டு பாத்துக் குடுங்கோ, சேர்," என்றாள். கொழும்பில் வேலைக்குப் போய்விட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

முப்பத்தோராம் நாள் உடுப்பிட்டிக்கு அந்தியேட்டிக் கிரியைக்குப் போனேன். சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் மகன் தானாகவே வந்து கதைத்தார்.

"அந்த அக்கா செத்தவீட்டுக்கு வந்தவ, தெரியுமோ? கேற்றடியிலையே நிண்டவ. நான் போய், உள்ளுக்கு வாங்கோ எண்டனான். நான் ஆரெண்டு தெரியுமோ எண்டு கேட்டவ. தெரியும், வாங்கோ எண்டனான். அம்மாவை எடுக்குமட்டும் நிண்டவ."

பக்கத்தில் இருந்த துவாயை எடுத்து என்னிடம் தந்துவிட்டுத் தொடர்ந்தார்: "அவவைக் கண்டால் சொல்லுங்கோ, அண்ணை. கோவமில்லையெண்டு மட்டும் சொல்லுங்கோ. செய்தது சரியெண்டு சொல்ல என்னாலை ஏலாது."

அதைச் சுமந்துகொண்டு ஒரு மாதம் திரிந்தேன். தேத்தண்ணி அம்மாவிடம் அவளுடைய புது இலக்கத்தை வாங்கினேன். எங்கள் எல்லோருடைய இலக்கங்களும் அந்தக் களவுக்குப் பிறகு மாறியிருந்தன. என்னுடையதை அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இருந்தும் எடுத்தாள்.

"ஆர்?"

பெயரைச் சொன்னேன். வைத்தியசாலையைச் சொன்னேன். வெட்டிவிடுவாளோ என்ற பயத்தில் அவசரமாகச் சொல்லி முடித்தேன்: "அந்த உடுப்பிட்டிப் பொடியன் கோவமில்லையெண்டு சொல்லச் சொன்னவன், பிள்ளை. உன்னிட்டைக் கட்டாயம் சொல்லச் சொன்னவன்."

முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"என்னைத் திறக்க வைக்கோணுமெண்டால், கள்ளன் இடத்திலை நானெண்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பன்."

"நான்தான், பிள்ளை! ஓ.ரீ.பி.யையும் குடுத்து, சாப்பிட்டியளோ எண்டும் கேட்டவன்!"

"அது யாழ்ப்பாணம் முழுக்கத் தெரிஞ்ச கதை, சேர்," என்றுவிட்டு வைத்தாள்.